கரைக்குத் திரும்பாத ஆய்வுகள்: வட சென்னைக்கு ஒரு திறந்த மீன்வள மின்னூலகம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலில், மீன் வாங்கவும் வராத விற்கவும் வராத ஒருவர் சில நாள்களில் கையில் நோட்டோடு நிற்பதைப் பார்க்கலாம். எந்தப் படகு எத்தனை நாள் தங்கிப் பிடித்து வந்தது, என்ன வலை போட்டார்கள், எத்தனை கூடை இறங்கியது, கூடைக்குள் சங்கரா எவ்வளவு, கிழங்கான் எவ்வளவு, காரப்பொடி எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பாளர் அவர். எல்லா இறங்குதளத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் இடத்தையும் நாளையும் மாதிரி முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே கண்டதை வைத்து மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறார்கள். இந்தியக் கடல் மீன்பிடிப்பு பற்றி நாளிதழ்களில் நாம் படிக்கும் எண்களில் பெரும்பகுதி இப்படிக் கரையில் நின்று கேட்டு எழுதியதிலிருந்து வந்ததுதான்.

நோட்டில் ஏறியது கொச்சியில் உள்ள தலைமையகத்துக்குப் போகிறது, கணக்காகிறது, அறிக்கையாகிறது, சில சமயம் ஆய்வுக் கட்டுரையும் ஆகிறது. அந்தக் கட்டுரை மறுபடி காசிமேட்டுக்கு வந்து சேர்வது அரிது. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன படகுக்காரருக்குத் தன் பதில் என்ன ஆனது என்று தெரிய வழியில்லை. மக்கள் வரிப்பணத்தில், மீனவர்கள் தொழிலுக்கு நடுவே நேரம் ஒதுக்கிச் சொன்ன தகவலில் உருவான அறிவு அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். திறந்த அணுக்க மின்னூலகம், அதாவது யாரும் பணம் கட்டாமல் இணையத்தில் படிக்கக்கூடிய நூலகம் என்று பேசும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

வட சென்னையில் இந்தக் குறை உறுத்துவதற்குக் காரணம், ஆராய்ச்சி இங்கே தொலைவில் இல்லை என்பது. ராயபுரத்தில் துறைமுக வளாகத்திலேயே ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியாவின் சென்னைத் தளம் இருக்கிறது. மீன்பிடிக் கப்பல் ஓட்டவும் எந்திரம் பார்க்கவும் பயிற்சி தரும் சிஃப்நெட்டின் சென்னைப் பிரிவு 1968 முதல் அதே ராயபுரத்தில் இயங்குகிறது. வடக்கே போனால் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி. தெற்கே சாந்தோம் பக்கம் 1987-இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் ஆரம்பித்து, 2003-இல் அரசுகளுக்கு இடையிலான அமைப்பாக மாறிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் தலைமையகமும் இதே நகரம். மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் இத்தனை பேர் ஒரே ஊரில். ஆனால் ஒவ்வொருவர் அலமாரிக்கும் தனித்தனிச் சாவி.

எண்ணூர் முகத்துவாரத்து இறாலைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் ஒரு பொன்னேரி மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். சில கட்டுரைகள் பணம் கட்டினால்தான் திறக்கும் வெளிநாட்டு இதழ்களில் இருக்கும். சில, எப்போதோ நடந்த கருத்தரங்கின் தொகுப்பில் இருக்கும். சில, ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் வீட்டு பீரோவில் மட்டும் இருக்கும். மூன்று மாதம் தேடி அலைந்துவிட்டு, ‘இதைப் பற்றி முன்பு ஆய்வு எதுவும் நடக்கவில்லை’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு அவர் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். தவறு அவருடையதல்ல. கண்ணில் படாத ஆய்வு நடக்காத ஆய்வுக்குச் சமம்.

எந்தத் தாளில் இருக்கிறது மீன்வள அறிவு?

இயற்பியலிலோ மருத்துவத்திலோ முக்கியமான முடிவு எதுவும் ஏதாவது ஓர் ஆய்விதழில் வந்துவிடும். மீன்வளத்தில் அப்படியில்லை. ஆய்வுக்கப்பல் பயண அறிக்கைகள், திட்ட நிறைவு அறிக்கைகள், மீன்துறையின் பழைய வெளியீடுகள், பட்டமேற்படிப்பு ஆய்வேடுகள், பயிற்சிக் கையேடுகள், கிராம வாரியான மீனவர் கணக்கெடுப்புகள் என்று பாதி அறிவு ஆய்விதழுக்கு வெளியேதான் கிடக்கிறது. சில நூறு பிரதிகள் அடித்து, உரியவர்களுக்கு அனுப்பி, மிச்சத்தைக் கட்டிப் பரணில் போடுவார்கள். அலுவலகம் இடம் மாறும்போது முதலில் காணாமல் போவதும் அந்தக் கட்டுதான்.

இந்த வகை ஆவணத்தைக் காப்பாற்றினால் என்ன பலன் என்பதற்கு வங்காள விரிகுடாத் திட்டமே நல்ல எடுத்துக்காட்டு. 1980களில் அவர்கள் கரையேறும் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது, வலைகளைச் சோதித்தது, மீன் விற்கும் பெண்களின் கடன் பிரச்சினையை ஆராய்ந்தது எல்லாம் சிறு சிறு அறிக்கைகளாக வந்தன. பிற்பாடு அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். அதனால்தான் இன்று கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு இந்தக் கரை எப்படி மாறியது என்று யாரும் உட்கார்ந்த இடத்தில் படிக்க முடிகிறது. மீன்பிடித் தொழிலாளர்களுக்காக 1986-இல் உருவான பன்னாட்டு அமைப்பு ஒன்று சென்னையிலிருந்து வெளியிடும் ‘சமுத்ரா’ இதழும் அப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே செய்ய முடிந்ததை மற்ற அலமாரிகளுக்கும் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

பழைய தாள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும், தான் வேலைக்கு வந்த காலத்தில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளக்கிறார். அடுத்தவர் ஏற்கெனவே குறைந்துபோன கடலிலிருந்து அளக்கத் தொடங்குகிறார். இப்படியே அளவுகோல் தலைமுறைக்குத் தலைமுறை கீழிறங்கிக்கொண்டே போகிறது, யாருக்கும் தெரியாமல்.

எண்ணூரில் இது வெறும் கோட்பாடு இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் படகு, வலை, கை, கால் எல்லாம் கறுத்துப்போன படங்களை எல்லோரும் பார்த்தோம். நிவாரணம் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்த முதல் கேள்வி, எவ்வளவு இழப்பு? இழப்பைக் கணக்கிட, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். ஆற்றில் இறங்கித் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடித்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளில் எவ்வளவு பிடித்தார்கள்? நண்டு எவ்வளவு, மடவை எவ்வளவு? ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் நீதிமன்றத்திலும் வல்லுநர் குழுவிலும் அவர்கள் சொல் நினைவு என்றுதான் பதிவாகும். அதற்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் அளவீடு ஒன்றை வைத்தால் அது சான்றாக மாறும்.

ஓர் ஆவணம் வெளியே வருவது எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதையும் எண்ணூர் பார்த்திருக்கிறது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடம் எண்ணூர் கழிமுகத்தை நீர்ப்பரப்பாக, கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியது. பிறகு வந்த ஒரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்கிய பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிந்தது. அந்தத் தாள் ஒரு திறந்த நூலகத்தில் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் எத்தனை ஆண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

நூறு ஆண்டு அலமாரி

மெட்ராஸ் மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று ஓர் அரசுப் பிரிவு 1907-இல் உருவானது. அதற்கு அடித்தளம் போட்டவர் பிரெடரிக் நிக்கல்சன். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1910 வாக்கில் பழவேற்காட்டில் சிப்பி வளர்த்துப் பார்த்தார். இந்தியாவில் உண்ணும் சிப்பி வளர்ப்புக்கான முதல் முயற்சியாக இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். கோரமண்டல் கரையின் வலைகளையும் கட்டுமரங்களையும் பற்றி அவர் 1920களில் எழுதிய விரிவான பதிவு, இந்தக் கரையின் தொழில்முறைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிக விரிவான பழைய சான்றுகளில் ஒன்று. மெட்ராஸ் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூல், பல்லுயிர் மரபு நூலகம் என்ற பன்னாட்டு மின்னூலகத்தில் படங்களோடு முழுதாகக் கிடைக்கிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 150 ஆண்டு பழைய நூல் ராயபுரத்தில் கைபேசியில் திறக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே ராயபுரத்தில் தட்டச்சான பல அறிக்கைகள் திறப்பதில்லை. இடையில் நிற்பது முதலில் காப்புரிமை, அடுத்தது அக்கறையின்மை. காப்புரிமை பலர் நினைப்பதுபோல் பெரிய சுவரும் அல்ல. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் காப்பு. மாகாண மீன்துறையின் வெளியீடுகள் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. அறுபதுகளின் தொடக்கம் வரையிலான அரசு அறிக்கைகளும் அப்படியே. அவற்றை யாரும் ஸ்கேன் செய்து வெளியிடலாம். யாரும் தடுக்க முடியாது.

விடுதலைக்குப் பிறகான கதை கொஞ்சம் நம்பிக்கை தருவது. 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இருந்து, பிறகு கொச்சிக்குப் போனது. அதன் திறந்த களஞ்சியத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. 1954 முதல் வரும் இந்திய மீன்வள ஆய்விதழின் பழைய கட்டுரைகள், 1978 முதல் வந்த தகவல் வெளியீடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள் எல்லாம் யாரும் பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு களஞ்சியம் இல்லாவிட்டால் தமிழகக் கரையின் மீன்வள வரலாற்றை இன்று எழுதவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013 செப்டம்பரில் கொண்டுவந்த திறந்த அணுக்கக் கொள்கை இதற்குப் பலம் சேர்த்தது. தன் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எந்த இதழில் எழுதினாலும், ஏற்கப்பட்ட இறுதி வடிவத்தைத் தங்கள் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும், வெளியிடாமல் வைத்திருக்கும் காலம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. பதிப்பாளர் அழகாக அச்சுக்கோத்த பக்கத்தை வெளியிட அனுமதி இருக்காது. ஆனால் மதிப்பாய்வு முடிந்து ஆசிரியர் கடைசியாக அனுப்பிய வடிவத்தைப் போட ஏராளமான இதழ்கள் அனுமதிக்கின்றன. எண்களும் முடிவும் ஒன்றுதான். ஆய்வாளர்களில் பலர் இந்த உரிமை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். களஞ்சியத்தை நடத்தும் நூலகர் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு வாங்கினால்தான் அது நிரம்பும்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. மாணவர்களுக்கு இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கதவு நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் திறக்கிறது. விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளரோ, எண்ணூரில் வழக்கு நடத்தும் கிராமப் பஞ்சாயத்தோ, பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் குப்பத்துப் பெண்ணோ அதற்குள் வரமாட்டார்கள். நான் மேலே சொன்ன அறிக்கைகளும் ஆய்வேடுகளும் எந்தச் சந்தாவிலும் அடங்காதவை.

ஸ்கேன் செய்வது சின்ன வேலை

மின்னூலகம் என்றதும் எல்லோரும் ஸ்கேனரைத்தான் நினைக்கிறார்கள். அது அலுப்பான வேலை, ஆனால் கடினமான வேலை இல்லை. ஓரம் பொடிந்த தொகுதியைத் தட்டையாக அழுத்தாமல், முதுகு முறியாமல், தொட்டில் போன்ற தாங்கியில் வைத்து மேலிருந்து படமெடுக்க வேண்டும். எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி போதும், வரைபடத்துக்கு இன்னும் கூடுதலாக வைக்கலாம். சுருக்காத மூலப் படத்தைத் தனியாகப் பாதுகாத்துவிட்டு, வாசகருக்குச் சிறிய பிடிஎஃப் கோப்பு கொடுக்க வேண்டும். கைபேசியில், மலிவான டேட்டாவில் இறக்கிக்கொள்ளும் அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். எண்பது எம்பி கோப்பைப் போட்டுவிட்டு திறந்த அணுக்கம் என்று சொல்லிக்கொள்வது சரியல்ல.

அடுத்து எழுத்துணரி, அதாவது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள். ஆங்கிலப் பத்தியை அது நன்றாகவே படித்துவிடும், தமிழையும் இப்போது ஓரளவு நம்பலாம். அட்டவணையில்தான் ஆபத்து. மங்கிய தட்டச்சில் 3 என்பது 8 ஆகும், ஆயிரத்துக்கான காற்புள்ளி தசமப் புள்ளியாகும். ஒரு மாத நெத்திலிப் பிடிப்பு 1,240 கிலோ என்பது 1.240 ஆகிவிட்டால் ஒரு பஞ்சமே வந்ததுபோல் தெரியும். பழைய ஆவணங்களில் மணங்கு, பவுண்டு, டன் எல்லாம் கலந்து கிடக்கும். அட்டவணைகளை ஓர் ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகு வருகிறது: ஒவ்வோர் ஆவணத்துக்கும் விவரக்குறிப்பு எழுதுவது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர் என்று உலகம் முழுக்க நூலகங்கள் ஒப்புக்கொண்ட 15 அடிப்படைக் கூறுகள் உண்டு. அவற்றை நிரப்பினால் கொச்சிக் களஞ்சியமும் பொன்னேரிக் களஞ்சியமும் ஒன்றையொன்று படிக்கும். ஆனால் அந்த 15 போதாது. எண்ணூர் பற்றிய ஓர் இறால் ஆய்வைக் கையில் எடுத்தால், அதில் எந்த இறால் என்பதற்கு அறிவியல் பெயரும் கரையில் புழங்கும் பெயரும் வேண்டும். எந்த வலை? ஆய்வாளர் மூவடுக்கு வலை என்று எழுதியிருப்பார், தேடுகிறவர் டிஸ்கோ வலை என்று தட்டுவார். எந்த இடம்? ஆறு கொசஸ்தலை என்றும் கொற்றலை என்றும் வரும். பழவேற்காடு ஆங்கில ஏடுகளில் புலிகாட் என்றே இருக்கும். எந்த மாதங்களில் மாதிரி எடுத்தார்கள், வாடைக் காலமா, கோடையா? நீரோட்டத்தை வன்னி என்றும் தெண்டி என்றும் பிரித்துச் சொல்லும் மீனவருக்கு, ‘வடகிழக்குப் பருவகால மேற்பரப்பு நீரோட்டம்’ என்ற தலைப்பின் கீழ் தனக்கு வேண்டியது இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மீன் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. சென்னையில் வஞ்சிரம் என்பது தெற்கே பல ஊர்களில் சீலா. சென்னையில் சீலா என்று கேட்டால் ஊழி வகை மீனைக் கொடுப்பார்கள். ஃபிஷ்பேஸ் போன்ற உலகளாவிய மீன் தரவுத்தளங்களில் தமிழ்ப் பெயர்களும் உண்டு, ஆனால் எந்தக் கரையின் தமிழ்ப் பெயர் என்பது எப்போதும் தெளிவாக இராது. காசிமேட்டில் ஏலம் விடுகிறவர்களோடும் மீன் விற்கும் பெண்களோடும் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, பெயரைக் கேட்டு, அந்தக் கரைக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்து விவரக்குறிப்போடு கோத்துவிட வேண்டும். கணினிக்காரர்கள் செய்ய முடியாத வேலை இது. செய்தவர்களுக்கு நூலகத்தில் பெயர் போட்டு நன்றி சொல்லவும், உழைத்த நாளுக்குக் கூலி கொடுக்கவும் வேண்டும்.

ஒவ்வோர் ஆவணத்துக்கும் தமிழில் பத்து வரிச் சுருக்கம் ஒன்றும் வேண்டும் என்பேன். முழுக் கட்டுரையையும் மொழிபெயர்ப்பது பெரிய செலவு. பத்து வரி போதும்: எங்கே, எப்போது, என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள், எதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுகளைப் பார்த்து, ‘இந்த மாசத்துலதான் மீன் முட்டை விடுதுன்னு யார் பார்த்தது?’ என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை என்பதையும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுருக்கங்கள் தமிழில் ஒரே இடத்தில் இருந்தால், சங்கமும் துறையும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு வாதாட முடியும். மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை விவகாரம் இன்னும் சூடானது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும் அந்த வலையை அனுமதித்து இடைக்கால உத்தரவு போட்டது. இரு தரப்பிலும் மீனவர்கள்தான் இருக்கிறார்கள். அந்த வலை எந்த மீனை எவ்வளவு பிடிக்கிறது என்ற ஆய்வுகளை இரு தரப்பும் பார்க்க முடிவது சண்டையைத் தீர்த்துவிடாது. பேச்சாவது கணக்கின் மேல் நடக்கும்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000-இல் பிறந்த ஈபிரிண்ட்ஸ், எம்ஐடியும் எச்பியும் 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸ் இரண்டும் இலவசம், இரண்டும் இந்தியாவில் நன்கு பழகியவை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்துக்கென்று புதிதாக மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது.

பராமரிப்புதான் இந்தத் துறையின் பழைய நோய். திட்ட நிதியில் தளம் திறப்பார்கள், விழா நடக்கும், நிதி முடிந்த மறு ஆண்டு முகவரி வேலை செய்யாது. கடல், மீன்வள நூலகர்களின் பன்னாட்டுச் சங்கம் 2007-இல் ‘அக்வாட்டிக் காமன்ஸ்’ என்ற பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. சொந்தமாகக் களஞ்சியம் நடத்த வசதியில்லாத சிறு நிறுவனங்களும் தங்கள் அறிக்கைகளை அங்கே சேர்க்கலாம். பிற்பாடு அதைத் தனியாக நடத்துவது சிரமமானபோது அவர்கள் மூடிவிட்டுப் போகவில்லை. யுனெஸ்கோவின் கடலியல் தரவு அமைப்போடு சேர்ந்து, எல்லா ஆவணத்தையும் ‘அக்வாடாக்ஸ்’ என்ற புதிய களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். வட சென்னையில் தொடங்கும் எதுவும் முதல் நாளே இதைத் திட்டமிட வேண்டும். ஒரு பிரதி பொன்னேரியில், ஒன்று கொச்சியில், ஒன்று அக்வாடாக்ஸில். ஒரு வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் திறக்கலாமா?

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. கடலடியில் பாறையும் மீனும் சேர்ந்திருக்கும் இடத்தை மீனவர்கள் பார் என்பார்கள். கரையில் தெரியும் கோபுரத்தையோ புகைபோக்கியையோ இரண்டிரண்டாக நேர்வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் அறிவு குடும்பம் குடும்பமாக வருவது. ஆய்வாளர் ஒருவர் நட்பாகப் பழகி, கூடப் போய், ஜிபிஎஸ் புள்ளி குறித்து, அதை இணைப்பு அட்டவணையில் போட்டு, நூலகம் அதைத் திறந்தும் வைத்துவிட்டால், அடுத்த வாரம் இழுவைப் படகு அங்கே நிற்கும். தூண்டிலும் செவுள்வலையும் மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஈடு செய்ய முடியாத இழப்பு. அதனால் இடப்புள்ளிகளை மூடி வைக்கவும், ஊரின் சம்மதம் கேட்கவும் நூலகத்துக்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும்.

பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் நடைமுறையில் உள்ள பாடு முறை வேறு மாதிரி. எந்த ஊர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. யார் உள்ளே, யார் வெளியே என்ற சாதிப் பிரச்சினையும் அதற்குள் இருக்கிறது. இதைப் பற்றிய ஆய்வுகளை மூடி வைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். இந்த நீர்ப்பரப்பில் தலைமுறை தலைமுறையாக உரிமை இருந்ததற்கு அவை சான்று. பாடு முறைக்கு வெளியே வைக்கப்பட்டவர்களும் அவற்றைப் படிக்க உரிமை உள்ளவர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை என்று எல்லையைச் சின்னதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். கொச்சிக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டாம், இணைப்பும் தமிழ்ச் சுருக்கமும் கொடுத்தால் போதும். ஆய்வேடுகளில் பலவற்றை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா, கிரிஷிகோஷ் என்ற மின்களஞ்சியங்களில் தேடி எடுத்துவிடலாம். கைபேசித் திரையில் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகத் திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துக் கிளை நூலகங்களில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து தேடித் தர, குப்பத்திலேயே படித்த ஒரு பிள்ளைக்கு வேலை கொடுக்கலாம்.

ஆனால் முதல் அலமாரியில் நான் வைக்கச் சொல்வது ஆய்விதழ்களை அல்ல, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளை. வட சென்னையில் துறைமுகம், அனல்மின் நிலையம், சரக்குப் பெட்டக முனையம் என்று எது வந்தாலும் அதற்கு ஓர் அறிக்கை தயாராகிறது. அதற்குள் மீன், இறால், மிதவை உயிரிகள், கடலடி மண் பற்றி ஒரு பகுதி இருக்கும். 2006-இன் அறிவிக்கைப்படி அதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும், அதுவும் பொது ஆவணம். கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்ததும் இந்தத் தாள்களை யாரும் சேர்த்து வைப்பதில்லை. அடுத்த திட்டத்துக்கு அடுத்த ஆலோசனை நிறுவனம் வந்து, முன்னதைப் பார்க்காமல் புதிதாக எழுதும். இருபது ஆண்டு அறிக்கைகளை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒரே இடத்தில் எடுத்த மீன் வகைகளின் பட்டியலை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்த முகத்துவாரத்துக்கு என்ன நடந்தது என்பதைத் திட்டக்காரர்களின் சொந்த எண்களே சொல்லிவிடும். அடுத்த கருத்துக்கேட்பு அறிவிப்பு வருவதற்குள் அந்த அடுக்கு தயாராக இருக்க வேண்டும்.